கூப்பிடும்போது மாறும் பெயர்

பெண் பிள்ளைகளுக்கு ஐரிஷ்காரர்கள் வைக்கும் பெயர்களைப் பற்றி டொலறஸ் அக்காவுக்குத் திடமான கருத்துகள் இருந்தன. அவற்றில் ஒன்றை ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் வாங்கி வைத்திருந்தார். கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

தெற்கு லண்டனில் ஒரு மருத்துவமனை. அதில் குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பிரிவில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் உள்ளே, சத்தம் புகாத அறையில், சோதிப்பவள். அவர் வெளியே, வரவேற்பு மேசையில், முறை வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர். இருபத்தொரு வருடமாக அதே மேசை. காது கேட்காதோ என்று சந்தேகப்பட்டுக் கூட்டி வருகிற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் உள்ள வேடிக்கையை நிர்வாகத்தில் எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

டொலறஸ் அக்கா மன்னார் பேசாலைக்காரர். வயது அறுபது. கணவர் அருட்பிரகாசம் இறந்து நாலு வருடம் ஆகிறது. மோர்டனிலிருந்து இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்கு வந்துவிடுவார். முழங்கால் வலிக்கு மேசைக்கு அடியில் ஒரு கட்டை போட்டுக் காலைத் தூக்கி வைத்திருப்பார். காய்ச்சல் வந்தால் 'வருத்தம்' என்பார். உண்மையிலேயே வருத்தம் வந்தால் 'அலுப்பு' என்பார். அவருடைய தமிழில் இந்த இரண்டும் எனக்குப் பிடிபட ஒரு வருடம் ஆயிற்று. 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பது மட்டும் முதல் நாளே பிடிபட்டது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மாதங்கி, ஊர் திருச்சி. இந்த ஊரில் என்னை மட்டாங்கி என்கிறார்கள், மாத்திங்கி என்கிறார்கள், அவசரக்காரர்கள் மேட் என்கிறார்கள். முதல் இரண்டு வருடம் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். அதனால் பெயரைச் சரியாகச் சொல்லவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். என் பெயரைவிட உங்கள் பெயர் என்ன உசத்தியா என்று கேட்கத் தோன்றும்.

டொலறஸ் அக்கா என்னைப் போல் இல்லை. கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார். ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் பெயரும் பக்கத்திலே தமிழில் உச்சரிப்புமாக எழுதி மேசை ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார். என், ஐ, ஏ, எம், எச் என்று இருந்தால் நீவ். ஏ, ஓ, ஐ, எஃப், ஈ என்று இருந்தால் ஈஃபா. 'எம்' எழுத்தும் 'எச்' எழுத்தும் சேர்ந்து வந்தால் 'வ' என்று அவராகவே ஒரு விதியும் கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் தீர்ப்பும் தயாராக இருந்தது.

"நீவ் நல்ல பேர். நோகிற காலை நீவி விடுற மாதிரிக் கிடக்கு. ஈஃபா எண்டால் பூச்சி மருந்துக்கு வைக்கிற பேர். ஷிவோன் எங்கட ஆக்கள் வைக்கிற ஷெறோனுக்குத் தமக்கை. ஓர்லா மரியாதையான பேர், எழுதினபடி வாசிக்கலாம்."

"சீர்ஷா?" என்று கேட்டேன்.

"அதுக்கு விடுதலை எண்டு கருத்தாம். ஒரு தாய் சொன்னவ." அட்டையின் மடங்கிய ஓரத்தை விரலால் நீவிவிட்டார். "எங்கட சனமும் அந்தப் பேரெல்லாம் வைச்சுப் பாத்தது, பிள்ளை."

அவரால் மன்னிக்கவே முடியாத பெயர் ஒன்று உண்டு. சி, ஏ, ஓ, ஐ, எம், எச், ஈ என்று ஏழு எழுத்து எழுதிவிட்டுக் கீவா என்று வாசிக்க வேண்டும். அப்படி ஒரு கீவாவின் தாயிடம்தான், "உங்கள் மகள் முதலாம் வகுப்பு முழுக்கத் தன் பெயரை எழுதிப் பழகியே களைத்துப் போவாள், ஏன் இந்த வேலை?" என்று ஆங்கிலத்தில், மிகுந்த அன்போடு, கேட்டார். தாய் அன்றைக்கே புகார் எழுதினார். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, இன்னொரு தவறு நடந்தால் இந்த மேசையில் இருக்க முடியாது என்று கடிதம் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நம்ம ஆளுங்க மட்டும் என்னவாம்? போன வாரம் வந்த சிவதர்ஷன் பேர்ல எத்தனை எச் இருந்துச்சு?" என்றேன்.

"மூண்டு. அது எண் சாத்திரம். எங்கட விசர் வேற, அவையின்ர விசர் வேற." பைத்தியத்தைத்தான் அவர் விசர் என்பார்.

"பாட்டுக்கும் பாவத்துக்கும் ஒரே பா போட்டு எழுதுறோம். ஆனா ரெண்டையும் வேற வேற மாதிரி படிக்கிறோம். நமக்கு என்ன அக்கா யோக்கியதை?"

"நாங்கள் ரண்டையும் ஒரு மாதிரித்தான் வாசிக்கிறம். நீங்கள்தான் மாத்தி வாசிக்கிறியள்" என்றார்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவர் தன் கருத்துகளை என்னிடம் மட்டும் சொன்னார், அதுவும் தமிழில். ஓய்வுக்கு இன்னும் ஆறேழு வருடம் இருந்தது. மேசையை விட்டால் கீழ்த்தளத்துக் கோப்பு அறைதான். அங்கே நாள் முழுக்க நின்றபடி வேலை, அவருடைய முழங்காலுக்கு ஆகாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. வந்தவர்கள் தாமாகவே வரவைப் பதிகிற தொடுதிரை அன்று வேலை செய்யவில்லை. உட்காருங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். கூடம் நிறையப் பிள்ளைகள், ஒரே அழுகை. பதினொன்றரை மணி இருக்கும், "மாரி! மாரி!" என்று அக்கா கூப்பிடுவது கதவைத் தாண்டிக் கேட்டது. யாரோ நம் ஊர்ப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று தரம் கூப்பிட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. 'வரவில்லை' என்று கணினியில் பதிந்துவிட்டு அடுத்த பிள்ளையை அனுப்பினார்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு பெண் மூன்று வயதுச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்தார். ஒன்றரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறோம், இன்னும் கூப்பிடவில்லையே என்றார். கடிதத்தை வாங்கிப் பார்த்தார் டொலறஸ் அக்கா. எம், எச், ஏ, ஐ, ஆர், ஐ.

"கூப்பிட்டேனே. மூன்று முறை கூப்பிட்டேன். மாரி என்று."

"மாரியா? அது வேறு பெயர். இவள் வாரி" என்றார் தாய்.

ஸ்காட்லாந்துப் பெயராம். அக்காவின் அட்டையில் ஐரிஷ் பெயர்கள்தான் இருந்தன. அவருடைய விதி நடுவிலும் கடைசியிலும் வருகிற எழுத்துகளுக்கு மட்டும்தான். அந்த இரண்டு எழுத்தும் பெயரின் தலையிலேயே வந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அக்கா எழுந்து, காலை இழுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "பிள்ளை, இப்ப ஒரு தரம் பாக்க ஏலுமோ?"

ஏலாது என்றேன். ஒன்றரைக்கு அடுத்த வரிசை தொடங்கிவிடும், மூன்று வயதுப் பிள்ளையை முக்கால் மணியில் சோதிக்க முடியாது என்றேன். அது உண்மைதான். எனக்குக் காலையிலிருந்து சாப்பாடு இல்லை, எவரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அன்று மாலைதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. வாரிக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. ஏற்கெனவே ஒரு தேதி கொடுத்து, கடிதம் பழைய முகவரிக்குப் போய், அவர்கள் வராமல் போயிருக்கிறார்கள். இது இரண்டாவது. இரண்டு தடவை வராவிட்டால் எங்கள் கணினி தானாகவே பெயரை வெட்டிவிடும். மறுபடி குடும்ப மருத்துவரிடம் போய், கடிதம் வாங்கி, வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். ஏழு மாதம். பேச்சு பழகுகிற வயதில் ஏழு மாதம் என்பது என்ன என்று எங்கள் பிரிவில் கூட்டித் துடைக்கிறவருக்குக்கூடத் தெரியும்.

வெட்டிய பெயரைத் திரும்பச் சேர்க்க ஒரே ஒரு வழி இருந்தது. ஊழியரின் தவறு என்று ஒரு படிவம் எழுத வேண்டும். யாருடைய தவறு, என்ன தவறு என்று பெயரோடு எழுதினால், மூன்று வாரத்துக்குள் இடம் கொடுத்தாக வேண்டும்.

மறுநாள் இடைவேளையில் அந்தப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அக்கா. பக்கத்தில் பிளாஸ்க் மூடியில் ஊற்றிய பிளேன்ரீ, பால் விடாத தேநீர், ஆறிக்கொண்டிருந்தது.

"எழுதாதீங்க அக்கா" என்றேன். "திரை வேலை செய்யல, அதனால குழப்பம்னு சொல்லிடலாம். நான் மேனேஜர்கிட்ட பேசிப் பாக்குறேன்."

"திரை எண்டு எழுதினால் சேர்க்க மாட்டினம். கேட்டுப் பாத்திட்டன். ஆளின்ர பேர் வேணுமாம்."

"உங்களுக்குத்தானே ஆபத்து? இத்தனை வருஷத்துல ஆயிரக்கணக்கான பேரு கூப்பிட்டிருக்கீங்க. ஒண்ணு தப்பிப் போச்சு. விடுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நான் இங்க வந்த புதுசிலை விசா விசாரணைக்குக் கூப்பிட்டவை. விடிய ஏழு மணிக்கே போய்க் குந்திக்கொண்டு இருக்கிறன். ஒருத்தர் வந்து சவிரிமுத்து, சவிரிமுத்து எண்டு கூப்பிடுறார். எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. சவிரிமுத்து என்ர அப்பா. செத்து ரண்டு வருஷம். அப்பாவை ஏன் இங்க தேடுகினம் எண்டு நான் வாசலைத் திரும்பிப் பாக்கிறன். எங்கட தேப்பன்ர பேரை இவை எங்களுக்கு வைச்சுக் கூப்பிடுவினம் எண்டு எனக்கு ஆர் சொன்னது? நான் எழும்பேல்லை, பிள்ளை."

"அப்புறம்?"

"வரேல்லை எண்டு எழுதிப்போட்டினம். அதைத் திருத்த மூண்டு வருஷம். அதுக்குள்ள ஊரிலை அம்மா போயிட்டா. செத்தவீட்டுக்குப் போக ஏலேல்லை." பேனாவைத் திரும்ப எடுத்தார். "அண்டைக்கு அந்த மனிசன் தான் கூப்பிட்ட விதம் பிழை எண்டு ஒரு வரி எழுதியிருந்தா காணும்."

எழுதினார். ஆங்கிலத்தில், பெரிய பெரிய எழுத்தில், நிதானமாக எழுதினார். பெயரைத் தவறாக உச்சரித்தது நான், தாய் அங்கேயேதான் இருந்தார், அவர் மீது ஒரு பிழையும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டார். எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருந்தால் நம் சிறுமை பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

மூன்றாம் வாரம் வாரி வந்தாள். மேனேஜரின் முடிவு இன்னும் வரவில்லை, அக்கா மேசையில்தான் இருந்தார். முந்தின நாள் முழுக்க "வாரி, வாரி" என்று சொல்லிப் பழகியிருந்தார். வாசலில் நின்று சரியாகக் கூப்பிட்டார். தாய் எழுந்தார். சிறுமி தரையில் உட்கார்ந்து ஒரு பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

அக்கா மன்னிப்புக் கேட்டார். பிறகு, அடக்க முடியாமல், ம எப்படி வ ஆனது என்று கேட்டே விட்டார். இரண்டாவது புகாரும் வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்தேன். ஆனால் அந்தத் தாய் கோபப்படுகிற நிலையில் இல்லை, அவ்வளவு களைத்திருந்தார். தன் அம்மா பிறந்த தீவின் மொழியில் மேரியை மாரி என்பார்கள் என்றார். ஆளைப் பற்றிப் பேசினால் மாரி. அவளையே கூப்பிட்டால் முதல் எழுத்து மாறி வாரி ஆகிவிடும். வீட்டில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூப்பிடுகிற சொல்லே பெயராகிவிட்டது.

"பாத்தியளே பிள்ளை" என்று என் பக்கம் திரும்பினார் அக்கா. "செபத்திலை மரியே எண்டு சொல்லுறம் எல்லோ. மரி எண்டது ஆள். மரியே எண்டது கூப்பிடுறது. இந்தப் பிள்ளையின்ர பேரே ஒரு கூப்பிடுதல்."

பள்ளிக்கூடத்தில் விளி வேற்றுமை என்று மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்துபோனது. அது எனக்கு ஒரு ஆஸ்பத்திரி வாசலில் புரிந்தது.

நாங்கள் என்ன பேசினோம் என்று தாய் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தபடி சொன்னார்: "நீங்கள் பிழையாகக் கூப்பிட்டீர்கள் என்று எனக்கு வருத்தம் இல்லை. நான் சரியாகத்தான் கூப்பிடுகிறேன். இரண்டு வருடமாக அவள் திரும்புவதில்லை."

டொலறஸ் அக்காவின் முகம் சுருங்கிப் போயிற்று. கதவைத் திறந்து பிடித்தார்.

சோதித்தேன். இரண்டு காதிலும் கேட்கும் திறன் நன்றாகக் குறைந்திருந்தது. பிறந்த அன்று செய்த சோதனையில் தேறியவள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. பிடிவாதக்காரி என்று நினைத்தோம், அதட்டியும் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுத் தாய் அழுதார். கருவி மாட்டினால் கேட்கும், பேச்சும் வரும், இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்றேன். இன்னும் ஏழு மாதம் கழித்து வந்திருந்தால் இதை அவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மேனேஜரின் கடிதம் வந்தது. டொலறஸ் அக்கா கீழ்த்தளத்துக் கோப்பு அறைக்கு மாற்றப்பட்டார். அவர் வாதாடவில்லை. கால் வைக்கிற கட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு லிப்டில் இறங்கிப் போனார். மேசைக்கு ஓர் இளைஞர் வந்தார். எல்லாப் பெயரையும் அவர் தப்பாகத்தான் கூப்பிட்டார், ஆனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் கருத்து எதுவும் இல்லை.

மே மாதம் வாரிக்குக் கருவி மாட்டுகிற நாள். தாய் உள்ளே வந்ததும், வாசலில் இருந்த அம்மா எங்கே என்றார். சொன்னேன். அவர் முகம் சிவந்தது. தான் ஒரு புகாரும் கொடுக்கவில்லையே என்றார். தெரியும் என்றேன். அவரை வரச் சொல்ல முடியுமா என்று கேட்டார். கீழே போன் போட்டேன்.

"நிண்டு நிண்டு கால் வீங்கிக் கிடக்கு பிள்ளை. அலுப்பாக் கிடக்கு" என்றார் அக்கா. ஆனாலும் வந்தார். கதவோரம் இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

இரண்டு காதிலும் கருவியைப் பொருத்தினேன். நீலநிறம், தாய் தேர்ந்தெடுத்தது. வாரி அதைப் பிடுங்கப் பார்த்தாள், பிறகு காரின் நினைவு வந்து விட்டுவிட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கருவியை இயக்கினேன். அவள் கை அப்படியே நின்றது.

"இப்போது கூப்பிடுங்கள்" என்று தாயிடம் சொன்னேன்.

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். இரண்டு வருடமாகத் தோளைத் தொட்டே பழகிவிட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது என்றார். பிறகு திரும்பி, "நீங்கள் கூப்பிடுங்கள். நீங்கள் பழகியிருக்கிறீர்களே" என்றார் அக்காவிடம்.

டொலறஸ் அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க முடிந்திருக்காது.

"வாரி."

சிறுமியின் தலை கொஞ்சம் சாய்ந்தது. காரைக் கீழே வைத்தாள். சத்தம் எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. வாசலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கடைசியில் அக்காவின் பக்கம் திரும்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்" என்றார் டொலறஸ் அக்கா, தமிழிலேயே. "உன்னைத்தான்."